ஆறு கதிர் ஒரு முங்கா: லாமலேராவில் ஏழு நாட்கள்

முதல் நாள், புதன்கிழமை: லெவோலேபா

இந்தோனேசியாவின் கூப்பாங் நகரிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் லெம்பாத்தா தீவை நெருங்கியபோது சன்னலில் முதலில் தெரிந்தது இலே லெவோதோலோக் எரிமலையும் அதன் உச்சியில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்ற மெல்லிய புகையும்தான். 2020 நவம்பர் 29 அன்று வெடித்துச் சுற்றுப்புற ஊர்களைக் காலிசெய்ய வைத்த மலை அது. அடுத்த ஏப்ரலில் வந்த செரோஜா புயலின் மழை, அதே மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருட்டிக்கொண்டு வந்து குடியிருப்புகளின் மேல் கொட்டியது. இத்தனைக்கும் பிறகு மலையடிவாரத்தில் மக்காச்சோளம் பச்சையாக நிற்கிறது.

பழைய நிலப்படங்களில் லோம்ப்ளென் என்று குறிக்கப்பட்ட இத்தீவு, 1999இல் கிழக்கு புளோரெஸிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் தலைநகரம் லெவோலேபா. நான் போகவேண்டிய ஊர் தீவின் தென்கரையில், 'சாவு' (Savu) என்னும் பெயருடைய கடலைப் பார்த்தபடி இருக்கும் லாமலேரா. மூங்கில் கம்பை இரு கைகளாலும் தலைக்குமேல் உயர்த்தி, படகின் முனையிலிருந்து திமிங்கிலத்தின் முதுகை நோக்கி ஒரு மனிதர் பாயும் நிழற்படத்தைப் பார்த்தவர்கள் இவ்வூரை அறிந்திருப்பார்கள். நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாலையில் கடைத்தெருவில் வெற்றிலை பாக்கு வாங்கினேன், விருந்தாளியாகப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்று விடுதிக்காரர் சொன்னதால். இங்கே வெற்றிலைக் கொடியில் காய்க்கும் நீண்ட மெல்லிய காயைத்தான் சுண்ணாம்பில் தொட்டுப் பாக்கோடு மெல்லுகிறார்கள். இலை கேட்டால் கடைக்காரம்மா சிரிக்கிறார்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை: மலையைக் கடந்து

லாமலேராவுக்குச் செல்லும் வண்டியை 'ஓட்டோ' என்கிறார்கள். நம்மூர் ஆட்டோ அன்று. சரக்குந்தின் பின்புறத்தில் மரக்கூடு கட்டி, குறுக்கே பலகை போட்டு, மனிதரையும் சிமெண்டு மூட்டையையும் பன்றிக்குட்டியையும் ஒன்றாக ஏற்றிச்செல்வது. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனது. பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டியை எல்லோரும் 'மாமா' என்று அழைக்க, எனக்கு முதலில் குழப்பமாக இருந்தது. இப்பகுதியில் மாமா என்றால் அம்மா.

முந்திரித் தோப்புகளும் மக்காச்சோளக் கொல்லைகளும் முடிந்து சாலை தெற்கே இறங்கத் தொடங்கியதும், எதிரே நிலம் சட்டென்று தீர்ந்து கடல் மட்டும் நின்றது. லாமலேரா அந்தச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். நிர்வாகக் கணக்கில் லாமலேரா ஏ, லாமலேரா பி என்று இரண்டு. இரண்டும் சேர்ந்து சுமார் 2000 பேர். கீழே கருமணற்கரை, அதையொட்டி ஓலை வேய்ந்த படகுக் கொட்டில்கள், கொட்டில்களின் முன்னே உட்காரும் முக்காலிபோலக் கிடக்கும் திமிங்கில முள்ளெலும்புகள். வாடை வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. கருவாட்டு வாடையோடு விளக்கெண்ணெய் காறியதுபோன்ற ஒரு நெடி கலந்திருந்தது. வீட்டு முற்றங்களில் மூங்கில் கொடிகளில் கருத்த இறைச்சிப் பட்டைகள் தொங்க, கொழுப்புப் பட்டைகளிலிருந்து சொட்டும் எண்ணெய் கீழே பிளந்து வைத்த மூங்கிலில் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

நான் தங்கும் வீட்டுப் பெரியவர் முன்னாள் லாமாஃபா, அதாவது எறியுளிக்காரர். எறியுளி என்பது என் சொல் அன்று. இரும்பு முனையை உலர்ந்த மூங்கில் காம்பில் பொருத்தி, வளைந்த திமிலிலிருந்து பரதவர் பெருமீன்மீது எறிந்ததைச் சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது. அதே கருவியை, அதே மூங்கில் காம்போடு, இந்த வீட்டு இறவாணத்தில் செருகியிருக்கக் கண்டபோது வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மக்காச்சோளக் குருணை கலந்த சோறும் கருவாடும் முருங்கைக்கீரைச் சாறும் இருந்தன. மலாய் மொழி நம் முருங்கையை மெருங்கை என்று எடுத்துக்கொண்டது. இந்த மாநிலத்தின் பல இடங்களில் அது 'மருங்கா'. சோளம் எங்கே விளைகிறது என்று கேட்டேன். பெரியவர் இருட்டில் மலைப்பக்கம் கையைக் காட்டினார். ஊரைச் சுற்றிப் பாறைதான். இரண்டாயிரம் வயிற்றுக்குப் போதுமான கொல்லை இங்கே இல்லை. சோளம் மலையில் இருக்கிறது, மீன் கடலில் இருக்கிறது, நடுவில் நாங்கள் இருக்கிறோம் என்றார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை: படகுக் கொட்டில்

காலை முழுவதும் கொட்டில்களில் கழிந்தது. திமிங்கில வேட்டைக்குரிய படகை லாமலேரா மொழியில் 'தேனா' என்கிறார்கள்; வெளியார் வழக்கில் பெலெடாங். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம் இருக்கும். இதில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. பலகைகளை வளைப்பதில்லை, வளைவாகவே செதுக்குகிறார்கள். விளிம்போடு விளிம்பு சேர்த்து மரமுளைகளால் இறுக்கியபின், பலகையின் உட்புறத்தில் செதுக்கும்போதே விட்டுவைத்த குமிழ்களில் சட்டங்களை வைத்துக் கட்டுகிறார்கள். எறியுளி பாய்ந்த திமிங்கிலம் இழுத்துக்கொண்டு ஓடும்போதும் வாலால் அறையும்போதும், ஆணி அடித்த படகு பிளக்கும், கட்டிய படகு நெளிந்து கொடுக்கும் என்பது பெரியவரின் விளக்கம். முனையில் மூங்கில்களைச் சேர்த்து நீட்டிய ஒரு சிறு மேடை. லாமாஃபா அதன் நுனியில்தான் நிற்கிறார். அவர் எறிவதில்லை என்பதை இங்கே வந்துதான் புரிந்துகொண்டேன். நான்கு மீட்டர் மூங்கிலைப் பிடித்தபடி தன் உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட்டுக் குதிக்கிறார்; திமிங்கிலத்தின் தோலுக்கு வெறும் கைவீச்சு போதாது.

படகின் பாயும் ஓலையால் ஆனது. தாளிப்பனை இனத்து ஓலையைக் கீறிச் சிறு சதுரங்களாக முடைந்து, சதுரங்களை ஒன்றோடொன்று தைத்து, இரட்டைக்கால் பாய்மரத்தில் ஏற்றுகிறார்கள். பழுதான படகைத் தூக்கி எறிவதில்லை. பலகை பலகையாக மாற்றி, முற்றிலும் புதிதான பிறகும் அதே பெயரில் அழைக்கிறார்கள்.

படகு தனியொருவருக்குச் சொந்தமானதன்று, குலத்தின் ஒரு கிளைக்குச் சொந்தம். பிடிபட்ட திமிங்கிலத்தை எங்கே அறுக்கவேண்டும், எந்தத் துண்டு யாருடையது என்பது அறுப்பதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம்: லாமாஃபாவுக்கு, துடுப்புக்காரர்களுக்கு, படகுக்குரிய குடும்பங்களுக்கு, படகு கட்டிய 'அத்தா மோலா' தச்சருக்கு, உளியடித்த கொல்லருக்கு. கடலுக்குப் போகாதவர் பலரும் பங்கில் இருக்கிறார்கள். ஊரின் நிலத்துக்குரிய 'தானா அலெப்' குடும்பங்களுக்கும் உரிமைப் பங்கு உண்டு. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. கிழக்கே லெபான் பத்தான் என்னும் தீவில் வாழ்ந்த முன்னோர், அத்தீவைக் கடல் கொண்டபின் அலைந்து திரிந்து இக்கரைக்கு வந்தார்களாம். இங்கே முன்பே இருந்த குலங்கள் அவர்களுக்குத் தங்க இடம் தந்தன. இன்றும் பருவம் தொடங்குமுன் படகுக்காரர்கள் லாங்கோ ஃபுஜோ குலத்தாரிடம் போய்க் கேட்கவேண்டும். அவர்கள்தாம் லபலேகாங் மலையிலிருந்து தொடங்கிச் சடங்கு செய்து திமிங்கிலங்களை அழைக்கிறார்கள். கடல் கொண்ட ஊரின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு இதில் வியப்பில்லை. இத்தீவில் அது பழங்கதை மட்டுமன்று: 1979 ஜூலையில் இதே தென்கரையின் கிழக்கே வாய்த்தெபாவில் மலைச்சரிவு கடலில் விழுந்து எழுந்த ஆழிப்பேரலையில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கொட்டிலுக்கு வெளியே வரிசையாக நின்றவை 'ஜொன்சோன்'கள், வெளிப்பொறி மாட்டிய படகுகள்; ஒரு பொறியின் வணிகப் பெயர் படகுக்கே பெயராகிவிட்டது. இப்போது அன்றாட மீன்பிடிப்பு அவற்றில்தான். திமிங்கிலம் தென்பட்டால் ஜொன்சோன் தேனாவைக் கட்டி இழுத்துச்சென்று அருகில் விட்டுவிடுகிறது.

நான்காம் நாள், சனிக்கிழமை: வுலாண்டோனி சந்தை

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் படகின் முனையிலிருந்தே எழுதுகிறார்கள். அதில் பெண்கள் இல்லாததால் ஊரின் பாதி விட்டுப்போகிறது. இன்று பார்த்ததைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

விடியுமுன் வீட்டு மாமா தலையில் ஒரு பெரிய தாம்பாளத்தோடு கிளம்பினார். தாம்பாளத்தில் உலர்ந்த திமிங்கிலப் பட்டைகள், பறவைக்கோலா மீன் கருவாடு, உப்பு, ஒரு சிறு பொட்டலம் சுண்ணாம்பு. அவருடைய இளமையில் வுலாண்டோனிக்கு நடந்தே போவார்களாம். சந்தை இல்லாத நாட்களில் இதே சுமையோடு மலையேறி, ஊர் ஊராக, வீடு வீடாகப் போவதும் உண்டு. அப்படிப் போவதற்குப் 'பெனெத்தாங்' என்று பெயர். இன்று நாங்கள் ஓட்டோவில் போனோம்.

கடற்கரையை ஒட்டிய ஒரு திறந்தவெளியில், மர நிழலில், மலையூர்ப் பெண்கள் ஏற்கெனவே குவியல் வைத்து அமர்ந்திருந்தார்கள்: மக்காச்சோளக் கதிர், வாழைப்பழம், மரவள்ளி, கீரைக்கட்டு, பாக்கு. கரையூர்ப் பெண்கள் எதிரே. இரு தரப்பும் ஒருவர் சரக்கை மற்றவர் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் கை நீட்டவில்லை. சந்தைப் பொறுப்பாளர் முதலில் சுற்றிவந்து சுங்கம் வாங்கினார். அதுவும் சரக்காகவே, இங்கொரு கதிர், அங்கொரு கருவாடு. பிறகு ஊதல் ஊதினார். அந்த ஒலி அடங்குமுன்பே முந்நூறு கைகள் ஒரே நேரத்தில் அசைந்ததுபோல இருந்தது.

விலை என்று ஒன்றைக் கூவுவதில்லை. கணக்கின் அலகு 'முங்கா'. ஒரு முங்கா என்றால் ஆறு. ஒரு பட்டை உலர்ந்த திமிங்கில இறைச்சிக்கு இரண்டு முங்கா, அதாவது பன்னிரண்டு கதிர், அல்லது பன்னிரண்டு வாழைப்பழம். மாமா ஒரு பட்டையை எடுத்து மலையூர்ப் பெண்ணின் முன் வைத்தார். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, முகர்ந்து, கொழுப்பு ஒட்டியிருந்த முனையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கதிர்களை இரண்டிரண்டாக எண்ணி வைத்தார். மாமா எண்ணவில்லை, ஒரு கதிரின் மட்டையை மட்டும் நகத்தால் கீறி மணியைப் பார்த்து, அதைத் திருப்பிக் கொடுத்தார். பூச்சி. வேறொரு கதிர் வந்தது. பேச்சு மொத்தம் நான்கைந்து சொற்களைத் தாண்டவில்லை.

பட்டை சற்றுச் சிறிதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பின்னர் கேட்டேன். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அடுத்த வாரம் பெரிதாக வைப்பேன் என்றார். ரூப்பியாவும் சந்தையில் புழங்கத்தான் செய்கிறது. சோப்பு, சர்க்கரை, செருப்பு விற்கும் வெளியூர் வணிகர்கள் ஓர் ஓரத்தில் கடை போட்டிருந்தார்கள். ஆனால் சோள விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பட்டைக்குப் பன்னிரண்டு கதிர் என்பது மாறுவதில்லை. மலையில் நெஞ்செலும்பு தெரியும் பஞ்சம் வந்த ஆண்டிலும், கடலில் ஒன்றும் கிடைக்காத ஆண்டிலும் இந்தக் கணக்கை நம்பித்தான் இரு தரப்பும் அடுப்பு மூட்டியிருக்கின்றன. ஆண்கள் கொண்டுவரும் இறைச்சியைச் சோறாக மாற்றுகிறவர்கள் இவர்கள். திமிங்கிலம் பிடிபடுவது ஆண்டுக்கு இருபதை ஒட்டி என்பார்கள், பத்தைத் தொடாத ஆண்டுகளும் உண்டு. சந்தை சனிக்கிழமை தவறாமல் கூடுகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் மாமாவின் தாம்பாளம் போகும்போது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. 1886இல் இங்கே முதல் திருமுழுக்குகள் நடந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஊர் முழுதும் கத்தோலிக்கமானது. கரையில், படகுக் கொட்டில்களின் நடுவே, புனித பேதுருவின் சிற்றாலயம் இருக்கிறது. ஏப்ரல் 30 மாலை, கடலில் மாண்டவர்களுக்காகப் பூசை வைத்து மெழுகுவர்த்திகளை அலையில் மிதக்கவிடுவார்கள்; மறுநாள் மே 1 காலைப் பூசையோடு 'லெஃபா' என்னும் பருவம் திறந்து அக்டோபர் வரை நீளும். மலையில் திமிங்கிலத்தை அழைக்கும் சடங்கும் பாதிரியார் படகுகளின்மேல் தெளிக்கும் தீர்த்தமும் ஒன்றையொன்று தடுப்பதாக இங்கே யாரும் நினைக்கவில்லை.

மறைப்பள்ளி வந்ததன் விளைவு வேறொன்று. இவ்வளவு சிறிய ஊரிலிருந்து ஆசிரியர்களும் குருக்களும் நாடெங்கும் போயிருக்கிறார்கள். இந்தோனேசிய மொழியின் இலக்கணத்தைப் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கற்பித்த மொழியியலாளர் கோரிஸ் கெராஃப் 1936இல் இங்கே பிறந்தவர்; தம் ஊர்ப் பேச்சையே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1999 முதல் 2001 வரை இந்தோனேசியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃபும் இவ்வூர்க்காரர்தாம். திமிங்கில வேட்டை ஊர் நாட்டுக்குச் சுற்றுச்சூழல் அமைச்சரைத் தந்திருக்கிறது என்பதை ஊரார் சற்றுக் குறும்போடுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சு இயல்பாகவே 2009க்குப் போனது. அந்த ஆண்டு சாவு கடலில் ஏறக்குறைய 35 லட்சம் ஹெக்டேர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. லாமலேரா எதிர்த்தது, இறுதி எல்லையில் இக்கடற்பகுதி சேர்க்கப்படவில்லை. 1973இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் நார்வேக்காரரைக் கொண்டு நவீன முறையில் வேட்டையாடக் கற்பிக்க முயன்றதையும் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இன்னும் பிடிக்கச் சொன்னார்கள், இப்போது நிறுத்தச் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். எனக்கு அவருடைய கசப்பு புரிகிறது. ஆனால் கையால் குத்தி ஆண்டுக்கு இருபது திமிங்கிலம் பிடிப்பதைவிட, வெளிப்பொறியும் இரவு முழுதும் மிதக்கும் வலையும் சேர்ந்து இக்கடலில் செய்வதே எனக்குக் கவலை தருகிறது. ஆனைத்திருக்கை ('மாந்தா' எனப்படும் பெருந்திருக்கை மீன்) 2014 முதல் இந்தோனேசியா முழுவதும் பாதுகாக்கப்பட்ட இனம். அது மெல்லவே பெருகும் உயிர், ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஆறாம் நாள், திங்கட்கிழமை: பாலேயோ

காலை ஒன்பது மணியிருக்கும். கரையிலிருந்து ஒரு குரல், 'பாலேயோ!' திமிங்கிலம் தென்படுகிறது என்னும் கூவல் அது. கொட்டிலில் இருந்தவர்கள் அதை வாங்கி மேலே எறிய, நடுத்தெருவில் ஒரு பெண் வாங்கி இன்னும் மேலே எறிய, கணநேரத்தில் ஊர் முழுதும் அந்த ஒரே சொல்லாகிவிட்டது. பள்ளிச் சிறுவர்கள் மதிலில் ஏறினார்கள். தேனா ஒன்றை உருளைக்கட்டைகளின்மேல் தள்ளி அலையில் இறக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு ஜொன்சோன்கள் முன்னே பறந்தன.

பெரியவர் ஓடவில்லை. ஒரு முள்ளெலும்பின்மேல் அமர்ந்து, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தார். இங்கே கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே கடல் ஆழ்ந்துவிடுவதால், ஆழ்கடலில் இரைதேடும் கோத்தெக்கெலெமா, அதாவது பற்கள் கொண்ட பெருந்தலை எண்ணெய்த் திமிங்கிலம், கண்ணுக்கெட்டும் தொலைவில் வருகிறது. அது மூச்சுவிட்டால் நீர்ப்புகை தாழ்வாக, முன்னோக்கி, இடப்பக்கம் சாய்ந்து எழும். மூச்சுத்துளை தலையின் நுனியில் இடப்புறமாக இருப்பதே காரணம். மறுபடி நீர் எழுந்தது. எனக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். பெரியவர் கையை இறக்கி, 'கெலாரு' என்றார். நேராக, உயரமாக எழுந்திருக்கிறது.

கெலாரு என்பது பல்லில்லாத பெருந்திமிங்கிலம். அலைந்து திரிந்த முன்னோருக்கு உதவியது அது என்பதால் அதை இவ்வூரார் தொடுவதில்லை. கால் மணி நேரத்தில் படகுகளும் அதையே கண்டு திரும்பத் தொடங்கின. யார் முகத்திலும் ஏமாற்றம் இல்லை என்று எழுத ஆசைதான், நன்றாகவே இருந்தது. ஒரு துடுப்புக்காரர், முதலில் கூவியவனை நோக்கிச் சொன்னதை மொழிபெயர்க்க மாமா மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு ஜொன்சோன் கொம்புத்திருக்கை ஒன்றைக் குத்திக் கொண்டுவந்தது. மணலில் ஓலையை விரித்து அறுத்தார்கள். குத்தியவரின் பங்கு, பொறிக்குரியவரின் பங்கு, உடன்போனவர்களின் பங்கு என்று கற்களின்மேல் குவியல்கள் வளர்ந்தன. கத்தி பிடித்தவர் இடையிடையே தலையை நிமிர்த்தாமலேயே ஒரு துண்டைப் பக்கவாட்டில் நீட்ட, அங்கே ஏதோ ஒரு சிறுவனின் கை இருந்தது. ஓரமாகக் கிண்ணத்தோடு நின்ற ஒரு கைம்பெண் எதுவும் கேட்கவில்லை. அவருடைய கிண்ணம் நிறைந்தபின் போய்விட்டார்.

ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை: திரும்பும் ஓட்டோ

விடியற்காலையில் டொக் டொக் என்ற ஒலியில் விழித்தேன். மாமா மக்காச்சோள அவல் இடித்துக்கொண்டிருந்தார். மண்சட்டியில் வறுபடும் மணிகளிலிருந்து ஒன்றிரண்டை வெறும் விரலால் எடுத்துத் தட்டைக்கல்லில் வைப்பதும், மறுகைக் கல்லால் ஒரே போடாகப் போட்டுத் தட்டையாக்குவதும், விரலை இழுத்துக்கொண்டு மறுபடி சட்டிக்குள் விடுவதும் இடைவெளியில்லாமல் நடந்தன. 'ஜாகுங் தித்தி' என்ற இந்த அவல் வாரக்கணக்கில் கெடாது. ஒரு மணியை எடுக்க நான் முயன்று, சூட்டில் சட்டியிலேயே போட்டேன். அவருடைய விரல் நுனிகள் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தன.

புறப்படும்போது அவல் பொட்டலத்தோடு வாழைநாரில் கட்டிய ஒரு பட்டை திமிங்கில இறைச்சியும் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. ஆனால் உலகளவில் வணிகம் தடைசெய்யப்பட்ட விலங்கின் இறைச்சி; விமானத்தில் ஏற்ற முடியாது, நாட்டெல்லை தாண்டிக் கொண்டுபோகவே முடியாது. தெரியாமல் எங்கேனும் எறிந்துவிடவும் மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

மலைமேல் ஓர் ஊரில் வாழைத்தார் ஒன்றோடு ஏறிய அம்மாள் என் எதிரில் அமர்ந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், முகர்ந்துபார்க்க வேண்டிய தேவையே இல்லை. கோத்தெக்கெலெமாவா என்று கேட்டார். ஆம் என்றேன். வாங்கிப் பிரித்து, புரட்டி, கொழுப்பு முனையை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு மடியில் தாரைச் சாய்த்துப் பழங்களை இரண்டிரண்டாகப் பிய்த்து என் பக்கத்துப் பலகையில் வைக்கத் தொடங்கினார். பன்னிரண்டாவதை வைத்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்துக் காம்பைப் பார்த்தேன். கன்றிப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்க, அவர் சிரிக்காமல் வேறொரு பழத்தைப் பிய்த்து வைத்தார்.